ஜப்பானுக்கு முதல் பயணம், இருவருக்கும் பிசினஸ் கிளாஸ்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கும்போது பலரும் பார்ப்பது இரண்டே விஷயம்: கட்டணம், விமான நிறுவனத்தின் பெயர். ஆனால் அந்தப் பணம் போவது ஒரு படுக்கைக்காக. படுக்கை எந்த விமானத்தில் வருகிறது, அது இரவா பகலா, துணையின் சீட் பக்கத்தில்தானா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எடுத்த பிறகு பார்த்தால் மாற்றுவதற்குத் தனியாகச் செலவாகும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதி, சென்னையிலிருந்து கிளம்பி பத்துப் பதினான்கு நாள் சுற்றுலா போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பாதையை முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு ஆகிய ஐந்தில் ஓரிடத்தில் விமானம் மாறுகிறார்கள். இடையில் நிற்காத விமானம்தான் வேண்டும் என்றால் பெங்களூருவிலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்குப் போகிறது. டெல்லியிலிருந்து டோக்கியோவின் இன்னொரு நிலையமான ஹனேடாவுக்கு ஏர் இந்தியாவும் ஜப்பானிய நிறுவனங்களும் பறக்கின்றன. விமான அட்டவணைகள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். உங்கள் தேதிக்கு அந்த விமானம் உண்டா என்று நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள்.

அடுத்து நேரக்கணக்கு. சென்னை–சிங்கப்பூர் சுமார் நாலரை மணி நேரம், சிங்கப்பூர்–டோக்கியோ ஏழு மணி நேரம். பாங்காக் வழி மூன்றரையும் ஆறும். கொழும்பு வழியில் முதல் பறப்பு ஒன்றேகால் மணி நேரம்தான், இரண்டாவது ஒன்பது மணி நேரத்தை ஒட்டி வரும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் இரவு பதினொன்றுக்கு ஏறி, அதிகாலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானம் வசதியாகத் தெரியும். அந்த நாலரை மணி நேரத்தில் மேலே ஏறுவது, சாப்பாடு, இறங்கும் முன் எழுப்புவது எல்லாம் போக மூன்று மணி நேரம் தூங்கினாலே பெரிது. பிறகு வரும் ஏழு மணி நேரப் பறப்பு பட்டப்பகலில் அமையும். படுக்கைக்குக் கொடுத்த பணம் படம் பார்ப்பதில் கழிந்துவிடும். சென்னையில் காலையில் ஏறி, மாலையில் மாறும் ஊரை அடைந்து, அங்கிருந்து இரவு விமானத்தில் டோக்கியோ போவதே சரியான ஏற்பாடு. நீளமான பறப்பும் இரவும் ஒன்றாக வந்தால்தான் பிசினஸ் கிளாஸுக்குப் பொருள் உண்டு.

விமானம் மாற இரண்டு முதல் நான்கு மணி நேர இடைவெளி போதும். ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் நீங்கள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது.

இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் பெட்டியை மாறும் ஊரில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால் அந்த நாட்டுக் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் அதற்கே விசா வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாருக்கும் பொறுப்பில்லை.

டோக்கியோவில் இரண்டு விமான நிலையங்கள். ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது. நரிட்டா அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கட்டண வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்தான் என்றால் ஹனேடாவை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹனேடாவில் இரவு பதினொன்றரைக்கு மேல் இறங்கினால் ரயில்கள் நிற்கும் நேரம் வந்துவிடும், டாக்ஸிதான் கதி.

கியோட்டோ, ஒசாகா போகும் திட்டம் இருந்தால் டோக்கியோவில் இறங்கி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி 'மல்டி சிட்டி' தேடலில் போட்டுப் பாருங்கள். பல நிறுவனங்களில் கட்டணம் ஏறக்குறைய அதேதான். ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்குத் திரும்பும் நொசோமி புல்லட் ரயிலுக்கு ஒருவருக்குப் பதினாலாயிரம் யென்னுக்கு மேல் ஆகும். இருவருக்கும் அது மிச்சம், அரை நாளும் மிச்சம்.

2. விமானத்தின் வகையைப் பாருங்கள்

'பிசினஸ்' என்ற ஒரே சொல்லில் மூன்று வகை சீட் விற்கிறார்கள். முழுக்கத் தட்டையாகும் படுக்கை, சரிவாக நீளும் சீட், அகலமான சாய்வு நாற்காலி. கட்டணத்தை வைத்து வித்தியாசம் தெரியாது.

டிக்கெட் தேடும்போது ஒவ்வொரு பறப்பின் கீழும் 'விவரம்' என்பதை அழுத்தினால் விமானத்தின் வகை தெரியும். ஏர்பஸ் ஏ350, போயிங் 787, 777 போன்ற இரண்டு நடைபாதை விமானங்களில் தட்டைப் படுக்கை இருக்க வாய்ப்பு அதிகம். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் பெரும்பாலும் சாய்வு நாற்காலிதான். விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 737-8 மேக்ஸில் தட்டைப் படுக்கை இருக்கிறது, அதே நிறுவனத்தின் பழைய 737-800-ல் இருந்ததில்லை. பெரிய விமானமான ஏ330-லும் குறைந்த தூரத்துக்கென்று சாய்வு சீட் மட்டும் போட்டவை உண்டு.

உறுதி செய்ய ஒரே வழி சீட் வரைபடம். குறுக்கே 1-2-1 (ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று) என்று இருந்தால் தட்டைப் படுக்கை என்று ஏறத்தாழ நம்பலாம். 2-2-2 இரண்டு விதமாகவும் இருக்கும். ஒற்றை நடைபாதையில் 2-2 என்றால் சாய்வு நாற்காலி என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்று தெரிந்தால் மகிழ்ச்சியடையுங்கள். சென்னையிலிருந்து முதல் நாலு மணி நேரம் சாய்வு நாற்காலி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். டோக்கியோவுக்குப் போகும் நீளமான பறப்பில் அது வந்தால் வேண்டாம்.

டிக்கெட் விற்கும் தளங்களில் இன்னொரு பொறி, கலப்பு வகுப்பு. மேலே 'பிசினஸ்' என்று பெரிதாக இருக்கும். உள்ளே ஒரு பறப்பு எகானமியாக இருக்கும். சந்தேகப்படும்படி மலிவாக ஒரு பிசினஸ் கட்டணம் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். நாலு பறப்பையும் தனித்தனியாகத் திறந்து வகுப்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எடுத்த பிறகும் வேலை இருக்கிறது. நிறுவனங்கள் விமானத்தை மாற்றும். மாற்றும்போது உங்கள் சீட் எண் சத்தமில்லாமல் போய்விடும். மாதம் ஒருமுறையும், கிளம்பும் வாரத்தில் இரண்டு முறையும் பதிவைத் திறந்து பாருங்கள்.

3. பக்கத்துப் பக்கத்து சீட்டைப் பிடியுங்கள்

1-2-1 அமைப்பில் தம்பதிக்கு உரியது நடு ஜோடி. ஆனால் எல்லா நடு ஜோடியும் ஒன்றல்ல. படிக்கட்டு போல மாற்றி மாற்றி அமைத்த சீட்களில், ஒரு வரிசையில் இரண்டு சீட்டும் ஒட்டி இருக்கும், அடுத்த வரிசையில் இரண்டும் நடைபாதையை ஒட்டிப் போய் நடுவில் இரண்டு மேசை வந்துவிடும். பின்னதில் உட்கார்ந்தால் துணையிடம் பேச எட்டிப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் சீட் எந்தப் பக்கம் தள்ளி வரையப்பட்டிருக்கிறது என்று கவனித்தாலே இது தெரிந்துவிடும். அடுத்தடுத்த வரிசையில் ஆளுக்கொரு ஜன்னல் என்று எடுப்பது தூங்குவதற்கு நல்லது, சேர்ந்து போகிற உணர்வுக்கு நல்லதல்ல. முதல் பயணத்துக்கு நடு ஜோடியே எங்கள் சிபாரிசு.

2-2-2 அமைப்பில் ஜன்னல் பக்க ஜோடியை எடுங்கள். ஜப்பான் ஏர்லைன்ஸின் சில 787-களில் ஜன்னல் சீட்டுக்காரர் பக்கத்தவரைத் தாண்டாமலே நடைபாதைக்கு வரும்படி சந்து விட்டிருக்கிறார்கள். இருவருக்கும் பொருத்தமான அமைப்பு அது.

கழிவறைக்கும் உணவு தயாரிக்கும் இடத்துக்கும் ஒட்டிய வரிசையைத் தவிருங்கள். இரவு முழுக்க வெளிச்சமும் தட்டுச் சத்தமும் வரும்.

4. கட்டணம், வரி, வாங்கும் நேரம்

முக்கிய நெரிசல் காலங்கள்: செர்ரி பூக்கும் மார்ச் கடைசி–ஏப்ரல் முதல் பாதி, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை, இலைகள் சிவக்கும் நவம்பர். இவற்றில் விமானமும் ஹோட்டலும் சேர்ந்தே ஏறும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரையும், டிசம்பர் முதல் இரண்டு வாரமும் கட்டணம் இறங்கும். குளிர் தாங்கும் என்றால் முதல் பயணத்துக்கு அது நல்ல காலம். வானம் தெளிவாக இருப்பதால் ஃபூஜி மலை தெரிய வாய்ப்பும் கூடுதல்.

நாலைந்து மாதத்துக்கு முன் தேடத் தொடங்குங்கள். தேடும்போது முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று இரண்டு முறை போடுங்கள். குறைந்த கட்டண வகையில் ஒரே ஒரு சீட் மிச்சமிருந்தால், இருவருக்குத் தேடும்போது தளம் இரண்டு சீட்டையுமே அடுத்த கட்டண வகையில் காட்டும். தலைக்கு விலை வித்தியாசப்பட்டால் காரணம் இதுதான். தனித்தனிப் பதிவாக எடுத்தால் ஒருவருக்காவது மிச்சம். உடனே நிறுவனத்துக்கு போன் செய்து இரண்டு பதிவையும் இணைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் விமானம் ரத்தாகும்போது ஆளுக்கொரு விமானத்தில் போட்டுவிடுவார்கள். வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் ஒரே பதிவாகவே எடுத்துவிடுங்கள்.

வரியைக் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு 12. எகானமிக்கு 5 சதவீதமே. வரி கணக்கிடும் தொகை தலைக்கு 1,50,000 ரூபாய் என்றால் ஜிஎஸ்டி 27,000, இருவருக்கு 54,000. தேடல் பக்கத்தின் முதல் விலையில் சில தளங்கள் வரியைச் சேர்ப்பதில்லை, கடைசிப் பக்கத்துத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள்.

விமானத்தையும் ஹோட்டலையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக டிராவல் ஏஜென்ட்டிடம் வாங்கினால் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரி ரிட்டர்னில் கழியும். ஆனால் அதுவரை பணம் முடங்கும். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக எடுத்தால் டிசிஎஸ் இல்லை.

இரண்டு பக்கமும் பிசினஸ் எடுக்கக் கையிருப்பு இடிக்கிறதா? போகும்போது மட்டும் எடுங்கள். போவது இரவில், வருவது பெரும்பாலும் பகலில். திரும்பும்போது பிரீமியம் எகானமி இருந்தால் அது போதும். ஆனால் இரண்டு ஒருவழி டிக்கெட்டாக வாங்காமல், ஒரே பதிவில் வகுப்பை மட்டும் மாற்றித் தேடுங்கள். பல நிறுவனங்களில் ஒருவழிக் கட்டணம் பாதியாக இருக்காது.

எகானமி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிசினஸ் சீட்டுக்கு ஏலம் கேட்டு மேலே ஏறலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஏலத் தொகை தலைக்கு, அதுவும் ஒவ்வொரு பறப்புக்கும் தனி. இருவர், இரண்டு பறப்பு என்றால் நாலு மடங்கு. கிடைத்ததா இல்லையா என்பது கிளம்ப ஓரிரு நாள் இருக்கும்போதுதான் தெரியும், பக்கத்து சீட்டுக்கு உறுதியும் கிடையாது.

கிரெடிட் கார்டு புள்ளிகளை விமான மைல்களாக (விமான நிறுவனத்தின் பயணப் புள்ளிகளாக) மாற்றி எடுப்பவர்களுக்கு ஒரே விதி: இரண்டு சீட் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். மாற்றிய புள்ளி திரும்ப வராது.

5. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள்

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ அதை நிரப்பாமல் விடாது. சில நிறுவனங்கள் இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்லும், சில வேறு குறியீடு கேட்கும். நீங்களாக அப்பா பெயரையோ இனிஷியலையோ போட்டு நிரப்பாதீர்கள். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் 'ஒற்றைப் பெயர்' விதியைப் படித்து அப்படியே செய்யுங்கள். கணவர் பெயர் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இல்லாவிட்டால் டிக்கெட்டிலும் அது வரக்கூடாது. பெயர் திருத்தத்துக்குச் சில நிறுவனங்கள் டிக்கெட்டையே ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொல்லும். பிசினஸ் கட்டணத்தில் அது பெரிய அடி.

பயணத் தேதியில் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கட்டும்.

6. விசா

சுற்றுலா விசா ஒருமுறை நுழைவுக்கானது, வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். ஆகவே கிளம்ப ஐந்து மாதம் இருக்கும்போதே ஆர்வத்தில் விண்ணப்பித்தால் விசா பயணத்துக்கு முன்பே காலாவதியாகிவிடும். கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் விண்ணப்பிப்பது பாதுகாப்பான கணக்கு. பரிசீலனை பொதுவாக ஐந்து வேலை நாள்; நெரிசல் காலத்தில் அதற்கும் மேல் போகும். கூடுதல் ஆவணம் கேட்டால் இன்னும் நாளாகும்.

நல்ல கட்டணம் கிடைப்பது நாலைந்து மாதம் முன்னால். விசா கிடைப்பது ஒன்றரை மாதம் முன்னால். அப்படியானால் விசா வருமுன்பே டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். எனவே வாங்கும்போது ரத்துக் கட்டணம் தலைக்கு எத்தனை ரூபாய் என்று படியுங்கள். 'லைட்', 'வேல்யூ' போன்ற பெயர்களில் வரும் மலிவு பிசினஸ் வகைகளில் பணம் திரும்ப வராததும் உண்டு. தலைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் ரத்து செய்ய முடிகிற வகையையே எடுங்கள். போலிப் பதிவு தரும் தளங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

விண்ணப்பம் கொடுப்பது விஎஃப்எஸ் மையத்தில், முன்பதிவு செய்துகொண்டு. தமிழ்நாடு, புதுச்சேரியில் வசிப்பவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருவார்கள். பெங்களூருவில் வேலை பார்ப்பவர் கர்நாடகாவின் எல்லைக்குள் வருவார். பாஸ்போர்ட்டில் மதுரை முகவரி இருந்தால் தற்போதைய வசிப்பிடச் சான்றைக் கூடவே வையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பாக வைக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்கள்
- கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம். 35 × 45 மில்லிமீட்டர் படம், வெள்ளைப் பின்னணியில், அண்மையில் எடுத்தது
- போக வர விமானப் பதிவு
- நாள்வாரிப் பயணத் திட்டம்: தேதி, ஊர், ஹோட்டல் பெயர், முகவரி, தொலைபேசி
- எல்லா இரவுகளுக்கும் ஹோட்டல் பதிவு
- ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையுடன்
- வருமான வரி ரிட்டர்ன்
- வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும். தொழில் செய்தால் பதிவுச் சான்று
- பயண நோக்கத்தைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம்

ஒருவரின் வருமானத்தில் இருவரும் போகிறீர்கள் என்றால் மற்றவரின் கோப்பிலும் அதே பேங்க், வரி ஆவணங்களின் நகலை வையுங்கள். கூடவே உறவுக்குச் சான்று வேண்டும். பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இல்லை என்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும். கல்யாணப் பத்திரிகை போதாது. பதிவு செய்யாமல் இருக்கிறவர்கள் விமானம் தேடும் முன்பே அதை முடியுங்கள்.

கோப்பு திரும்பி வருவதற்கு அடிக்கடி காரணமாவது தேதிக் குழப்பம். பத்தாம் தேதி கிளம்பும் இரவு விமானம் ஜப்பானில் இறங்குவது பதினோராம் தேதி. பயணத் திட்டத்தில் முதல் நாளைப் பத்தாம் தேதி என்று எழுதிவிட்டு, ஹோட்டலைப் பதினொன்றிலிருந்து பதிவு செய்திருப்பார்கள். டிக்கெட்டில் '+1' என்று சிறிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து, மூன்று தாள்களிலும் தேதி ஒத்துப்போகிறதா என்று ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள்.

இரண்டாவது காரணம் பணம். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று நாலு லட்சம் கணக்கில் வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். பிசினஸ் டிக்கெட்டைக் கோப்பில் வைத்திருக்கும்போது இது இன்னும் பொருந்தும். டிக்கெட்டே நாலு லட்சம், கணக்கில் சராசரி இருப்பு அறுபதாயிரம் என்றால் கணக்கு உதைக்கும். வைப்பு நிதி முறித்த பணம், பிள்ளைகள் கொடுத்த பணம் எதுவானாலும் அதற்கான தாளை வைத்துக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்போது சுற்றுலா விசா மின் விசாவாக வருகிறது, பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. இதில் ஒரு பெரிய பொறி: விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணைய இணைப்புள்ள உங்கள் போனில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சுப் பிரதி, பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. இருவரின் போனிலும் அவரவர் விசா திறக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஜப்பானில் இறங்கியதும் வேலை செய்யும்படி இசிம் (eSIM) அல்லது ரோமிங்கை முன்பே வாங்கிவிடுங்கள்.

7. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். சிறப்பு உணவுப் பட்டியலில் 'இந்து உணவு' என்று ஒன்று இருக்கும், குறியீடு எச்.என்.எம்.எல். அது அசைவம், மாட்டிறைச்சி இருக்காது, கோழி, ஆடு, மீன் வரும். இந்திய முறைச் சைவத்துக்கு ஏ.வி.எம்.எல்., சமண உணவுக்கு வி.ஜே.எம்.எல். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு என நாலு பறப்புக்கும், இருவருக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றில் போட்டால் மற்றதற்குத் தானாகப் போகாது. கடைசி நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விமானம் மாற்றப்பட்டால் சீட்டோடு சேர்ந்து இதுவும் அழியும்.

ஜப்பானிய நிறுவனங்களில் 'ஜப்பானிய உணவு' அழகாக வரும், ஆசைப்பட்டு எடுக்கலாம். ஆனால் காய்கறி மட்டும் தெரிகிற கிண்ணத்திலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும்.

8. பெட்டியும் மருந்தும்

பிசினஸில் சில நிறுவனங்கள் மொத்தம் 40 கிலோ என்கின்றன, சில தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ என்கின்றன. அனுமதி இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள். ஜப்பானில் ரயில் நிலையப் படிக்கட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டியை டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் ஏற்ற, அதற்கான இடத்தோடு சீட் முன்பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். பெரிய பெட்டிதான் என்றால் விமான நிலையக் கவுன்டரிலேயே 'தக்யூபின்' சேவையில் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும், பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம், எலுமிச்சை எதுவும் வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது, கருவாட்டுப் பொட்டலத்தோடு கலந்து வைத்த உப்புக்கண்டமும்கூட. கடையில் வாங்கிய, பிரிக்காத பொடிப் பாக்கெட்டுகள் போதும்.

மருந்து ஒரு மாத அளவுக்குள் இருக்கட்டும், மருத்துவர் சீட்டோடு. அதற்கு மேல் வேண்டும் என்றால் 'யுன்யு ககுனின்-ஷோ' என்ற முன் அனுமதியை இணையத்தில் பெற வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரைகளுக்குக் கடுமையான வரம்பு உண்டு. வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே தூக்கி வைக்காமல் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது. இப்போது பல ஆசிய நிறுவனங்கள் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கின்றன. ஜப்பானிய விமானங்களில் மேலே உள்ள அலமாரியில் வைக்காமல் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

9. கிளம்பும் வாரம்

'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை நிரப்பி கியூஆர் குறியீடு பெறுங்கள். இலவசம்; பணம் கேட்டால் அது போலித் தளம். இருவருக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும்.

சென்னை விமான நிலையத்தில் குடியேற்ற வரிசையைத் தவிர்க்க மத்திய அரசின் எஃப்டிஐ-டிடிபி (FTI-TTP) திட்டத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். பதிவும் இலவசம். ஒப்புதலுக்கு நாளாகும் என்பதால் விசா வேலையோடு சேர்த்து இதையும் தொடங்குங்கள்.

கிளம்பும் நாளில் மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். செக்-இன் கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் டேக்கில் கடைசி ஊர் டோக்கியோ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். ஓய்வறை அனுமதி இரண்டு ஊரிலும் உண்டா, எந்த ஓய்வறை என்பதையும் கேளுங்கள். மாறும் ஊரின் ஓய்வறையில் சாப்பிட்டுக் குளித்துவிட்டு ஏறினால், விமானத்தில் சாப்பாட்டைத் தவிர்த்து முதல் அரை மணி நேரத்திலேயே படுத்துவிடலாம். ஏறியதும் பணியாளரிடம் 'காலை உணவுக்கு மட்டும் எழுப்புங்கள்' என்று சொல்லுங்கள். ஏழு மணி நேரப் பறப்பில் ஐந்தரை மணி நேரத் தூக்கம் கிடைப்பது இப்படித்தான்.

10. இறங்கியதும்

ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். குடியேற்றத்தில் விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள்.

காலையில் இறங்குகிறவர்கள் மறக்கிற விஷயம், ஜப்பானில் ஹோட்டல் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பெட்டியை வரவேற்பில் வைத்துக்கொள்வார்கள். அறை உடனே வேண்டும் என்றால் முந்தின நாள் இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்து, 'காலையில் வருவோம்' என்று எழுதியும் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால் வரவில்லை என்று பதிவை ரத்து செய்துவிடலாம்.

ஹனேடாவிலிருந்து கெய்க்யூ ரயிலோ மோனோரயிலோ சில நூறு யென்னில் ஊருக்குள் கொண்டுபோய்விடும். நரிட்டாவிலிருந்து ஷிஞ்சுகு, டோக்கியோ நிலையம் பக்கம் தங்கினால் நரிட்டா எக்ஸ்பிரஸ், உவேனோ பக்கம் என்றால் ஸ்கைலைனர். நரிட்டாவிலிருந்து டாக்ஸி இருபதாயிரம் யென்னைத் தாண்டும், எடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டுமென்றால் செவன்-லெவன் கடைகளின் ஏடிஎம் நம் சர்வதேசக் கார்டுகளை ஏற்கும்.

ஜேஆர் பாஸ் (ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குச் செல்லும் ஒரே டிக்கெட்) வாங்கச் சொல்லும் பழைய அறிவுரைகளை நம்பாதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் போகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு.

11. திரும்பும்போது

மேற்கு நோக்கி வரும்போது எதிர்க்காற்று இருப்பதால் பறப்பு நீளும், குளிர்காலத்தில் இன்னும் கூடும். மாறும் ஊரில் இடைவெளியை இதை வைத்துக் கணக்கிடுங்கள்.

2026 நவம்பர் 1 முதல் ஜப்பானில் வரிவிலக்கு முறை மாறுகிறது: கடையில் வரியோடு பணம் கட்டி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வரி திரும்ப வரும். வாங்கிய பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே பெட்டியைக் கவுன்டரில் கொடுக்கும் முன்பே அந்த வேலையை முடிக்க வேண்டும். அதற்கென்று முக்கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஊருக்குள் வாங்கிய சாகே, சோயா சாஸ், அழகு திரவங்கள் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் வைத்தால் மாறும் ஊரின் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்டவை குப்பைக்குப் போகும். விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கியதை முத்திரையிட்ட பையிலிருந்து சென்னை வரை பிரிக்காதீர்கள், ரசீது உள்ளேயே இருக்கட்டும்.

போர்டிங் பாஸ்களை மைல்கள் கணக்கில் ஏறும் வரை வைத்திருங்கள். மைல் ஒவ்வொரு பயணிக்கும் தனி. கணவரின் உறுப்பினர் எண்ணை மட்டும் போட்டிருந்தால் மனைவியின் நாலு பறப்புக்கும் எதுவும் ஏறியிருக்காது. அவர் பெயரில் கணக்குத் தொடங்கி டிக்கெட் எண்ணோடு கேட்டால் சேர்த்துத் தரும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் அதற்குச் சில மாதக் கெடு இருக்கிறது. ஊர் திரும்பிய வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.